வரைபடக் குறிக்குப் பக்கத்தில் அட்டை: இடத்தைக் கணிக்க எந்த வழி?

திருகோணமலையில் ஒரு விடுதிக்கோ படகுச் சவாரிக்கோ இணையத்தளம் செய்யப் போனால், முகப்பில் வரைபடம் ஒன்று கட்டாயம் கேட்பார்கள். கோணேசர் கோயில், பிரெட்ரிக் கோட்டை, கன்னியா, உப்புவெளி, நிலாவெளி, புறாத்தீவு என்று குறிகள் இருக்க வேண்டும். குறியைத் தொட்டால் அதற்குப் பக்கத்திலேயே படமும் விலையும் போட்ட அட்டை திறக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலைதான். ஆனால் மேசைக் கணினிக் குரோமில் குறியோடு ஒட்டி நிற்கும் அட்டை, ஃபயர்பாக்ஸில் ஒன்றிரண்டு பிக்சல் தள்ளி நிற்கும். ஐபோனில் குறியை விட்டே விலகிப் போய்விடும். உடனே பழி உலாவியின் மேல் விழும்.

இன்றைய உலாவிகளில் இடக் கணக்கு வேறுபடுவது குறைவு. எலிமென்ட் (குறி, அட்டை, பெட்டி போன்று பக்கத்திலுள்ள ஓர் உறுப்பு) எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு ஒவ்வொரு வழியும் ஒவ்வோர் இடத்திலிருந்து அளந்து விடை சொல்கிறது. ஓரிடத்திலிருந்து அளந்த எண்ணை எடுத்து இன்னோர் இடத்திலிருந்து வைத்தால் அட்டை விலகத்தான் செய்யும். ஆகவே எந்த வழி எங்கிருந்து அளக்கிறது, எதை விட்டுவிடுகிறது என்பதை வைத்துத்தான் தெரிவு செய்ய வேண்டும்.

கணிக்கவே தேவையில்லாதவை

வரைபடத்தில் குறிகளை வைக்க ஜாவாஸ்கிரிப்ட் வேண்டாம். பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ்ஸே போதும். படத்தைச் சுற்றி ஒரு பெட்டி, அதற்குப் பொசிஷன் ரிலேட்டிவ் (உள்ளே வைப்பவை இந்தப் பெட்டியிலிருந்து அளக்கப்படும்). ஒவ்வொரு குறிக்கும் பொசிஷன் அப்சலூட், லெஃப்ட்டும் டாப்பும் வீதத்தில். மூலப்படம் 1200க்கு 800 பிக்சல், கன்னியா அதில் 420, 310 இல் விழுகிறது என்றால் லெஃப்ட் 35%, டாப் 38.75%. குறியின் கூர்முனை அந்தப் புள்ளியில் நிற்க, எலிமென்ட்டை நகர்த்தவும் பெரிதாக்கவும் உதவும் டிரான்ஸ்ஃபார்மில் கிடையாக மைனஸ் 50%, நெடுக்காக மைனஸ் 100% நகர்த்தினால் போதும். திரை 360 பிக்சலாகச் சுருங்கினாலும் குறி இடம் மாறாது. மூலப்படத்தின் நீள அகல விகிதம் பெட்டியிலும் அப்படியே இருக்க வேண்டும் என்பது ஒன்றுதான் நிபந்தனை. ஆப்ஜெக்ட் ஃபிட் கவர் போட்டுப் படத்தின் ஓரங்களை வெட்டினால் வீதக் கணக்கு அங்கேயே பிழைத்துவிடும்.

ஒட்டியிருக்கும் தலைப்பட்டையின் கதையும் இதுதான். மெனுவில் முன்பதிவைத் தொட்டதும் பக்கம் அந்தப் பகுதிக்கு இறங்கும், ஆனால் தலைப்பு பட்டைக்கு அடியில் மறைந்துவிடும். பலரும் பட்டையின் உயரத்தை அளந்து கழித்து ஸ்க்ரோல் செய்யும் நிரலை எழுதுகிறார்கள். அந்தப் பகுதிக்கு ஸ்க்ரோல் மார்ஜின் டாப் 72 பிக்சல் என்று ஒரு வரி எழுதினால் எல்லா உலாவியிலும் சரியாக நிற்கும்.

ஆஃப்செட் சங்கிலி

பழைய நிரல்களில் அதிகம் காணும் வழி இது. எலிமென்ட்டின் ஆஃப்செட்டாப் (மேலிருந்து தூரம்), ஆஃப்செட்லெஃப்ட் (இடமிருந்து தூரம்) இரண்டையும் எடுத்து, அந்தத் தூரங்கள் அளக்கப்படும் வெளிப்பெட்டியான ஆஃப்செட்பேரன்ட்டுக்கு ஏறி, அதன் எண்களைக் கூட்டி, மேலே ஒன்றும் இல்லாமல் போகும்வரை தொடர்வது. எழுத நாலு வரிதான். ஆனால் விட்டுவிடுவது நிறைய.

முதலாவது, இந்த எண்கள் முழுவெண்கள். ஒவ்வொரு படியிலும் அரைப் பிக்சல்வரை தவறலாம்; நாலு படி ஏறினால் இரண்டு பிக்சல். பெரிய பொத்தானில் இது தெரியாது. கன்னியாவின் ஏழு கிணறுகளையும் தனித்தனிக் குறியாகப் பெரிதாக்கிய படத்தில் போட்டால் தெரியும், அவை அவ்வளவு நெருக்கம். இரண்டாவது, ஏறும் வழியிலுள்ள பெட்டிகளின் பார்டர் தடிப்பு கூட்டலில் வராது. கிளையன்ட்டாப், கிளையன்ட்லெஃப்ட் இரண்டையும் நாமே சேர்க்க வேண்டும். மூன்றாவது, உள்ளே ஸ்க்ரோலாகும் பெட்டி இருந்தால் அதன் ஸ்க்ரோல் அளவை நாமே கழிக்க வேண்டும். அந்தப் பெட்டி ஆஃப்செட்பேரன்ட்டாக இல்லாவிட்டால் சங்கிலி அதைத் தொடாமலே தாண்டிப் போகும், ஆகவே எல்லா மூதாதையரையும் (எலிமென்ட்டை அடைத்திருக்கும் வெளிப்பெட்டிகளையும்) தனியாகச் சுற்றிப் பார்க்க வேண்டும். நாலாவது, டிரான்ஸ்ஃபார்ம் எதுவும் இந்தக் கணக்கில் இல்லை. மேலே குறியை மைனஸ் 50% நகர்த்தினோமே, அந்த நகர்வு ஆஃப்செட்லெஃப்ட்டுக்குத் தெரியவே தெரியாது. குறியின் அகலம் 24 என்றால் விடை 12 பிக்சல் வலப்பக்கம் தள்ளி வரும்.

இன்னும் உண்டு. டிஸ்பிளே நன் போட்டு மறைத்த எலிமென்ட்டுக்கு ஆஃப்செட்பேரன்ட் வெறுமை, எண்கள் பூச்சியம். வரைபடம் எஸ்விஜியாக (கோடும் வடிவமுமாக நிரலில் வரையும் படமாக) இருந்து குறிகள் அதற்குள்ளே வட்டங்களாக இருந்தால், அந்த எலிமென்ட்களுக்கு ஆஃப்செட்டாப் என்ற பண்பே இல்லை. கூட்டினால் எண்ணாக இல்லாத ஒரு விடை வந்து, அட்டை மூலையில் போய் உட்காரும்.

அதற்காக இந்தக் குடும்பத்தை முழுதாகத் தூக்கியெறிய வேண்டாம். டிரான்ஸ்ஃபார்மைப் பார்க்காத குணமே ஓரிடத்தில் உதவும். அதைக் கீழே சொல்கிறோம்.

ரெக்ட்: ஒன்று போதாது, இரண்டு எடுக்க வேண்டும்

கெட்பவுண்டிங்கிளையன்ட்ரெக்ட் என்பது நீளமான பெயர், இனி ரெக்ட் என்போம். இது திரையில் தெரியும் பரப்பின் இடது மேல் மூலையிலிருந்து அளந்து சொல்லும். தசமத்தோடு சொல்லும், டிரான்ஸ்ஃபார்மையும் ஸ்க்ரோலையும் சேர்த்தே சொல்லும், எஸ்விஜிக்கும் சொல்லும். மைக்ரோசாஃப்ட் தன் உலாவியில் தொடங்கிய இது பின்னர் எல்லா உலாவிக்கும் வந்து தரமாகிவிட்டது. பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் 7 இல் இரண்டு பிக்சல் கூடுதலாக வரும் என்று ஒரு கழித்தல் வரியும், 8 இல் அகலமும் உயரமும் வராது என்று இன்னொரு வரியும் இன்னமும் ஆளுக்காள் நகலெடுத்து வருகின்றன. அந்த உலாவிக்கான ஆதரவு 2022 ஜூன் 15 உடன் முடிந்துவிட்டது. கண்டால் அழித்துவிடலாம்.

இதை வைத்து எல்லோரும் முதலில் செய்வது, ரெக்டின் டாப்போடு, பக்கம் எவ்வளவு ஸ்க்ரோலாகியிருக்கிறது என்று சொல்லும் விண்டோவின் ஸ்க்ரோல்ஒய்யைக் கூட்டி, அட்டையைப் பொடியின் (body, பக்கத்தின் உள்ளடக்கம் முழுவதையும் அடைக்கும் எலிமென்ட்) அடியில் சேர்த்து, அந்த எண்ணை டாப்பாகக் கொடுப்பது. பக்கத்தின் உச்சியிலிருந்து அளந்த எண் சரிதான். அட்டை அங்கிருந்துதான் அளக்கப்படுகிறதா என்பதுதான் கேள்வி. பொடிக்கு யாராவது பொசிஷன் ரிலேட்டிவ் போட்டிருந்து, பக்கத்தின் முதல் தலைப்புக்கு மேலே 40 பிக்சல் மார்ஜின் இருந்தால், அந்த மார்ஜின் பொடிக்கு வெளியே வழிந்து பொடியையே 40 பிக்சல் கீழே தள்ளும். அட்டையும் சரியாக 40 பிக்சல் கீழே நிற்கும். எண் எப்போதும் மாறாமல் ஒரே அளவு தவறினால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான். பொடியின் இயல்பான 8 பிக்சல் மார்ஜினும் இதே வகை.

நம்பக்கூடிய வழி, பக்கத்தை மறந்துவிடுவது. அட்டையை எந்தப் பெட்டிக்குள் வைக்கப் போகிறோமோ அந்தப் பெட்டிக்கும் ஒரு ரெக்ட் எடுத்து, குறியின் ரெக்டிலிருந்து கழிக்க வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில், ஒரே மூலையிலிருந்து அளந்தவை. ஆகவே பக்கம் எவ்வளவு ஸ்க்ரோலாகியிருந்தாலும், பொடி எங்கே நின்றாலும், விரலால் விரித்துப் பெரிதாக்கிப் பார்த்தாலும் கழித்தலில் அதெல்லாம் அடிபட்டுப் போகும். மிச்சம் இரண்டு திருத்தம்: பெட்டியின் பார்டரைக் கழிக்க வேண்டும், பெட்டி உள்ளே ஸ்க்ரோலாகியிருந்தால் அதைக் கூட்ட வேண்டும்.

எண்களில் பார்ப்போம். வரைபடப் பெட்டியின் ரெக்ட்: லெஃப்ட் 16, டாப் 212.75. பார்டர் 1 பிக்சல். பெட்டியின் உள்ளடக்கம் இடப்பக்கமாக 60 பிக்சல் நகர்ந்து ஸ்க்ரோலாகியிருக்கிறது. குறியின் ரெக்ட்: லெஃப்ட் 196.4, டாப் 402.25, அகலமும் உயரமும் 24. பெட்டிக்குள் குறியின் லெஃப்ட் 196.4 − 16 − 1 + 60 = 239.4. டாப் 402.25 − 212.75 − 1 = 188.5. அட்டையின் அகலம் 220 என்றால் நடுவோடு நடு பொருந்த லெஃப்ட் 239.4 + 12 − 110 = 141.4, குறிக்குக் கீழே 8 பிக்சல் இடைவெளி விட டாப் 188.5 + 24 + 8 = 220.5. இந்த எண்களை முழுவெண்ணாக்காமல் அப்படியே கொடுக்கலாம்.

அட்டையும் குறியும் ஒரே பெட்டிக்குள் இருப்பதால் ஸ்க்ரோலைக் கவனிக்க நிகழ்வுக்கேட்பான் எதுவும் வேண்டாம், இரண்டும் சேர்ந்தே நகரும். இந்த வழியை விரும்புவதற்கு இது ஒன்றே போதிய காரணம். ஒரு குறை மட்டும் உண்டு: பெட்டிக்கு ஓவர்ஃப்ளோ மறைப்பு போட்டிருந்தால் ஓரத்தில் திறக்கும் அட்டை வெட்டுப்படும்.

ஓரம் என்றதும் கோணேசர் கோயில். சுவாமிமலை கடலுக்குள் நீண்டு நிற்பதால் நகர வரைபடத்தில் வலது விளிம்பை ஒட்டியே அதன் குறி விழும். 360 பிக்சல் திரையில் குறியின் நடு 331 இல் இருந்தால், 220 அகல அட்டை 221 இல் தொடங்கி 441 இல் முடியும். விளிம்பிலிருந்து 8 விட்டால் எல்லை 352. ஆகவே 89 பிக்சல் இடப்பக்கம் தள்ள வேண்டும், அட்டை 132 இல் தொடங்கும். அம்புமுனையை மட்டும் எதிர்ப்பக்கம் 89 தள்ளினால் அது குறியையே காட்டிக்கொண்டு நிற்கும். எல்லையைக் கணிக்க விண்டோவின் அகலமான இன்னர்விட்த்தை எடுக்கக் கூடாது. விண்டோஸ் கணினியில் அதற்குள் ஸ்க்ரோல்பட்டையின் அகலமும் சேர்ந்திருக்கும், பொதுவாக 15 முதல் 17 பிக்சல். கைப்பேசியில் பட்டை மேலே மிதப்பதால் இந்தத் தவறு சோதனையில் பிடிபடாது. ஆவணத்தின் வேர் எலிமென்ட்டின் கிளையன்ட்விட்த் தான் சரியான எண்.

இங்கேதான் ஆஃப்செட் குடும்பம் வேலைக்கு வரும். அட்டை 0.95 அளவிலிருந்து 1 க்கு விரியும் அசைவோடு திறந்தால், அசைவின் தொடக்கத்தில் ரெக்ட் அட்டையின் அகலத்தை 209 என்று சொல்லும். ஆஃப்செட்விட்த் 220 என்றே சொல்லும். அட்டையின் பருமனை ஆஃப்செட்டிலும் இடத்தை ரெக்டிலும் எடுக்க வேண்டும் என்பது இந்த வேலையின் பாதி. வரைபடத்தையே டிரான்ஸ்ஃபார்மால் பெரிதாக்கியிருந்தால் பெட்டியின் ரெக்ட் அகலத்தை ஆஃப்செட்விட்த்தால் வகுத்தால் விரிவளவு கிடைக்கும்: 540 ஐ 360 ஆல் வகுக்க 1.5. ரெக்ட் வித்தியாசத்தை முதலில் இந்த 1.5 ஆல் வகுத்து, பிறகுதான் பார்டரைக் கழித்து ஸ்க்ரோலைக் கூட்ட வேண்டும். பார்டரும் ஸ்க்ரோலும் விரியாத அளவில் சொல்லப்படுபவை. வரிசை மாறினால் பெரிதாக்கப் பெரிதாக்க அட்டை விலகும். சுழற்றிய பெட்டிக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. சிஎஸ்எஸ் ஜூம் பண்பால் பெரிதாக்குவதையும் தவிர்ப்பது நல்லது: ஃபயர்பாக்ஸுக்கு அது 126 ஆம் பதிப்பில்தான் வந்தது, குரோமோ 128 இல் அதற்கு ரெக்ட் சொல்லும் எண்களையே மாற்றிவிட்டது.

அட்டைக்குப் பொசிஷன் ஃபிக்ஸ்ட் (திரையிலிருந்து அளந்து நிறுத்துவது) போட்டு ரெக்டை நேரே கொடுப்பவர்களும் உண்டு. பெட்டியின் மூதாதையர் யாருக்காவது டிரான்ஸ்ஃபார்ம், ஃபில்டர், பெர்ஸ்பெக்டிவ் போன்ற ஒன்று இருந்தால் ஃபிக்ஸ்ட் திரையிலிருந்து அளப்பதை விட்டு அந்த மூதாதையரிலிருந்து அளக்கத் தொடங்கும். பக்கம் மெல்ல வழுக்கி வரும் அலங்காரத்தை யாரோ பிறகு சேர்த்த அன்றைக்கு எல்லா அட்டையும் ஒரே நாளில் இடம்மாறுவது இதனால்தான்.

பின்னங்களும் தமிழ் எழுத்துருவும்

உலாவிகளிடையே உண்மையாகவே வேறுபாடு உள்ள இடங்கள் இரண்டு. ஒன்று பின்னம். குரோமும் சஃபாரியும் பிக்சலை 64 கூறாக்கி வைத்திருக்கின்றன, ஃபயர்பாக்ஸ் 60 கூறாக்குகிறது. 1000 பிக்சலை மூன்றாகப் பிரித்தால் குரோமில் 333.328125, ஃபயர்பாக்ஸில் 333.333. கண்ணுக்குத் தெரியாது, ஆனால் இரண்டு எண்களைச் சமமா என்று ஒப்பிடும் நிரல் ஒன்றில் ஓடும், மற்றதில் ஓடாது. வித்தியாசம் 1 பிக்சலுக்குக் குறைவா என்று கேட்பதே வழி. பட்டியலின் அடிக்கு வந்துவிட்டோமா என்று பார்க்கும் சோதனைக்கும் இதுவே. ஸ்க்ரோல்டாப் பின்னமாக வரலாம், ஸ்க்ரோல்ஹைட்டோ முழுவெண்ணாகவே வரும்.

மற்றது நம் பக்கத்துப் பிரச்சினை. சிஎஸ்எஸ்ஸில் எழுத்துரு சொல்லாவிட்டால் தமிழ் எழுத்து விண்டோஸில் நிர்மலாவிலும், ஆப்பிளில் தமிழ் சங்கம் எம்.என். எழுத்துருவிலும், பெரும்பாலான ஆண்ட்ராய்டில் நோட்டோவிலும் வரும். வரி உயரத்தை நாம் எண்ணாகச் சொல்லாவிட்டால் ஒவ்வொரு எழுத்துருவும் தன் உயரத்தைத் தானே தீர்மானிக்கும். வரைபடத்துக்கு மேலே பத்து வரி விவரணம் இருந்தால் வரிக்கு இரண்டு பிக்சல் வேறுபாடு வரைபடத்தை இருபது பிக்சல் நகர்த்தும். வரி உயரம் 1.6 என்று எழுதிவிட்டால் இதில் பெரும்பங்கு அடங்கும். அகலம் அடங்காது. ‘கன்னியா வெந்நீரூற்றுக் கிணறுகள்’ ஓர் எழுத்துருவில் ஒரு வரியிலும் இன்னொன்றில் இரண்டு வரியிலும் விழும். சிங்களத்துக்கும் ஆங்கிலத்துக்கும் மொழி மாற்றினால் மறுபடி மாறும்.

வலை எழுத்துரு ஏற்றினால் இன்னொரு சிக்கல். பக்கம் முதலில் இயந்திரத்தின் எழுத்துருவில் வரும், சற்றுப் பிந்தி வலை எழுத்துரு வந்து எல்லாவற்றையும் தள்ளும். இடையில் அளந்த எண்கள் அத்தனையும் வீண். நிலாவெளிக் கரையில் சிக்னல் குறைந்த கைப்பேசியில் இந்த ‘சற்று’ பல நொடி ஆகலாம். ஆகவே பக்கம் ஏறும்போது அளந்து சேமித்து வைக்கக் கூடாது. தொட்ட கணத்தில் அளக்க வேண்டும். திறந்தபடியே இருக்கும் அட்டைகளை மட்டும் எழுத்துருக்கள் வந்து முடிந்த அறிவிப்பிலும், பெட்டியின் ரீசைஸ் அப்சர்வரிலும், மொழி மாற்றத்திலும் மறுபடி அளக்கலாம். ரீசைஸ் அப்சர்வர் பருமன் மாறினால்தான் கூப்பிடும், இடம் மட்டும் மாறினால் கூப்பிடாது. படங்களுக்கு அகலமும் உயரமும் எழுதி வைத்தால் தள்ளலில் பாதி வராமலே போகும்.

வரி உடைவதால் இன்னொன்றும் நடக்கும். பத்திக்குள் ஓடும் இணைப்பு, ‘நிலாவெளியிலிருந்து புறாத்தீவுக்குப் போகும் படகுகள்’ என்று வைத்துக்கொள்வோம், வரி முடிவில் தொடங்கி அடுத்த வரியில் முடிந்தால் ரெக்ட் இரண்டு வரியையும் அடைத்த ஒரே பெரிய பெட்டியைத் தரும். அதன் நடுவில் இணைப்பின் ஒரு சொல்லும் இராது. கெட்கிளையன்ட்ரெக்ட்ஸ் வரிக்கொரு பெட்டியாகத் தரும். விரலோ சுட்டியோ இருக்கும் பெட்டியை எடுத்துக் கணித்தால் சரி. சொற்கள் நீளும் தமிழில் இது அடிக்கடி வரும்.

நங்கூரமும் நூலகமும்

சிஎஸ்எஸ் ஆங்கர் பொசிஷனிங் வந்தபின் கணக்கையே உலாவியிடம் விட்டுவிடலாம். குறிக்கு ஒரு நங்கூரப் பெயர், அட்டையில் அந்தப் பெயரைச் சொல்லி எந்தப் பக்கம் நிற்க வேண்டும், இடமில்லாவிட்டால் எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எழுதினால் முடிந்தது. அட்டையைப் பொப்ஓவராகத் திறந்தால் அது எல்லாவற்றுக்கும் மேலே உள்ள அடுக்கில் வரும், ஓவர்ஃப்ளோ வெட்டாது, மூதாதையரின் டிரான்ஸ்ஃபார்மும் பாதிக்காது. மேலே சொன்ன கோயில் குறிக்கு இதைவிட நல்ல வழி இல்லை. குரோமில் இது 2024 மே மாதம் 125 ஆம் பதிப்பில் வந்தது; சஃபாரியில் 2025 செப்டம்பரில் 26 ஆம் பதிப்பில். ஐபோனில் சஃபாரி இயங்குதளத்தோடு சேர்ந்தே புதுப்பிக்கப்படுவதால், பழைய ஐபோனோடு வந்திறங்கும் பயணிக்கு இது கிடையாது. உலாவிக்கு இது தெரியுமா என்று பார்க்கும் சப்போர்ட்ஸ் நிபந்தனைக்குள் எழுதி, இல்லாத இடத்தில் இரண்டு ரெக்ட் கணக்கை ஓடவிட வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் ஓடினால் ஒன்றின் லெஃப்ட்டும் டாப்பும் மற்றதைக் குழப்பும்.

ஃப்ளோட்டிங் யூஐ என்ற ஆயத்த நிரல் நூலகம், முன்பு பொப்பர் என்று இருந்ததன் வாரிசு, ரெக்ட் கணக்கைத்தான் செய்கிறது. உள்ளமைந்த ஸ்க்ரோல்கள், புரட்டல், நகர்த்தல், அம்புமுனை எல்லாவற்றையும் சேர்த்து. அறை முன்பதிவுப் பலகை, நாட்காட்டி, வடிகட்டி, உதவிக்குறிப்பு என்று மிதக்கும் பெட்டிகள் ஐந்தாறு வகை இருந்தால் அதை எடுப்பதே புத்தி. ஒரு வரைபடமும் ஆறு குறியும் உள்ள தளத்துக்கு இது அதிகப்படி. அதன் தானியங்கிப் புதுப்பிப்பை அட்டை மூடியதும் நிறுத்த மறந்தால் பக்கம் கனத்துக்கொண்டே போகும் என்பதையும் கவனிக்க வேண்டும்.

இன்டர்செக்ஷன் அப்சர்வரை இந்தப் பட்டியலில் சிலர் சேர்ப்பார்கள். எலிமென்ட் திரைக்குள் வந்துவிட்டதா என்று அறிய அது மிக நல்லது. அட்டையைப் பிக்சல் கணக்கில் நிறுத்த அல்ல, எல்லை கடக்கும்போது மட்டும்தான், அதுவும் சற்றுப் பிந்தித்தான் சொல்லும்.

எதை எடுப்பது

குறிகளுக்கு வீதம். அட்டைக்கு அடிப்படையாக இரண்டு ரெக்டின் வித்தியாசம், ஆதரவு உள்ள உலாவியில் நங்கூரம். ஆஃப்செட் சங்கிலிக்குப் புதிய நிரலில் இடமில்லை. ஆஃப்செட்விட்த்தும் ஆஃப்செட்ஹைட்டும் அட்டையின் பருமனுக்கு மட்டும். எஸ்விஜி வரைபடத்திலும் ரெக்ட் வேலை செய்யும். அட்டையை எஸ்விஜிக்கு வெளியே, அதே பெட்டிக்குள் சாதாரணப் பெட்டியாக வைத்தால் அலகு மாற்றும் தொல்லையும் இல்லை. வரைபடத்தில் தொட்ட இடத்தை அறியவும் திரையின் இடவிளிம்பிலிருந்து அளக்கும், நிகழ்வின் கிளையன்ட்எக்ஸிலிருந்து பெட்டியின் ரெக்ட் லெஃப்ட்டைக் கழியுங்கள். ஆஃப்செட்எக்ஸ் பெட்டியை விட்டு, தொடப்பட்ட குழந்தை எலிமென்ட்டிலிருந்து அளக்கும். குறியின் மேல் விரல் பட்டால் எண் சட்டென்று சிறுத்துவிடும்.

குறிகள் நாற்பது ஐம்பது ஆனால் ஒரு விடயம். ஒவ்வொன்றாக அளந்து உடனே எழுதினால், அடுத்ததை அளக்க உலாவி முழுப் பக்கத்தையும் மறுபடி அடுக்கிப் பார்க்கும். எல்லா ரெக்டையும் முதலில் வாசித்துவிட்டு, பிறகு எல்லாவற்றையும் எழுதினால் ஒரே ஒரு அடுக்கல்தான்.

சோதிக்க மூன்று கருவி போதும்: ஸ்க்ரோல்பட்டை தெரியும் விண்டோஸ் கணினியில் ஃபயர்பாக்ஸ், மலிவான ஆண்ட்ராய்டில் குரோம், ஓர் ஐபோன். மூன்றிலும் பக்கத்தைப் பாதி ஸ்க்ரோல் செய்து, மொழியைத் தமிழுக்கு மாற்றி, வலது விளிம்புக் குறியைத் தொட்டுப் பாருங்கள். ஐபோனில் கூடுதலாக, முன்பதிவுப் படிவத்தில் விசைப்பலகை திறந்திருக்கும்போதும் ஒருமுறை பாருங்கள். அங்கே விசைப்பலகை பக்கத்தின் உயரத்தைக் குறைக்காது, மேலே மூடும். திரையின் அடியில் ஃபிக்ஸ்டாக நிற்கும் ‘உறுதி செய்க’ பொத்தான் அதற்குப் பின்னால் போய்விடும். கண்ணுக்கு உண்மையில் தெரியும் பரப்பான விஷுவல் வியூபோர்ட்டின் உயரத்தையும் ஆஃப்செட்டாப்பையும் வாசித்துப் பொத்தானை ஏற்றலாம். பொத்தானைப் படிவத்தின் கடைசி வரியாகவே விட்டுவிட்டால் அந்தக் கணக்கும் தேவைப்படாது.